ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகப் போகும் பிரெஞ்சுத் திரைப்பட விழா: பணம் யாருடையது, படம் எப்படி வருகிறது, எதைப் பார்க்கலாம்?

கேள்வி: வேலை காரணமாக மெல்பர்ன் வந்திருக்கிறேன். மார்ச் மாதம் பிறந்ததும் டிராம் நிறுத்தம் வரைக்கும் பிரெஞ்சுத் திரைப்பட விழா போஸ்டர்கள். பிரெஞ்சு அரசு தன் செலவில் படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறதா? மற்ற நாடுகளிலும் இப்படி உண்டா? பிரெஞ்சு தெரியாத நான் போனால் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

பதில்:

அரசு தன் செலவில் கொண்டுவந்து காட்டும் விழா இல்லை இது. டிக்கெட் விற்று, விளம்பரதாரர்களைப் பிடித்து, திரையரங்கோடு வசூலைப் பங்கிட்டு நடத்துகிறார்கள். நடத்துவது பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அமைப்பான அலியான்ஸ் பிரான்சேஸ். 1990ஐ ஒட்டிச் சிறிய அளவில் ஆரம்பித்தது, 2024இல் 35வது ஆண்டைத் தொட்டது. பிரான்சுக்கு வெளியே நடக்கும் பிரெஞ்சு சினிமா விழாக்களில் இதுதான் மிகப் பெரியது என்று சொல்லப்படுகிறது. கொரோனாவுக்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. ஆஸ்திரேலியாவின் மொத்த மக்கள்தொகையே அப்போது இரண்டரைக் கோடிதான். சப்டைட்டில் படித்துப் படம் பார்க்கும் பழக்கம் குறைவாக உள்ள ஓர் ஆங்கில நாட்டில் இந்த எண்ணிக்கை ரொம்பப் பெரியது.

நான் இந்த ஊரில் ஒரு சிறிய திரைப்படச் சங்கத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையில் பங்கெடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பெயரில் விழா என்று இருப்பதால் இதை ஒரு பண்பாட்டு நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வோம். உண்மையில் இது ஒரு வெளியீடு. நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பிரெஞ்சுப் படங்கள் ஒரே மாதத்தில், நாடு முழுவதும், முறையான வணிகத் திரையரங்குகளில் ஓடுகின்றன. அவற்றில் பல படங்களுக்கு இந்த நாட்டில் பெரிய திரையில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இந்த மாதம்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் நகைச்சுவைப் படங்கள் இவ்வளவு, ஏன் சில நல்ல படங்களைக் காணோம் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

அலியான்ஸ் பற்றிக் கொஞ்சம். 1883இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியை உலகில் பரப்புவதற்காகத் தொடங்கிய அமைப்பு. ஆரம்பக் குழுவில் லூயி பாஸ்டர், ஜூல் வெர்ன், சூயஸ் கால்வாய் வெட்டிய ஃபெர்டினாண்ட் தெ லெசெப்ஸ் எல்லாரும் இருந்தார்கள். புதுச்சேரியில் 1889இல் கிளை தொடங்கியது, அதற்கு மறுவருடம் மெல்பர்னில். கிளை என்று நாம் சொன்னாலும், ஒவ்வோர் ஊரின் அலியான்ஸும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவான, லாப நோக்கமில்லாத தனிச் சங்கம். பிரெஞ்சு மொழி வகுப்புக் கட்டணம்தான் அவர்களின் முக்கிய வருமானம். தூதரகம் ஆதரவு தரும், பாரிஸிலிருந்து சில அதிகாரிகள் வருவார்கள், ஆனால் கணக்குவழக்கை உள்ளூரில்தான் சரிக்கட்ட வேண்டும். அதனால் ஆஸ்திரேலிய அலியான்ஸ்களுக்கு இந்த விழா பெயரும் வாங்கித் தரும், வருமானமும் தரும். விழாவில் படம் பார்த்துவிட்டு பிரெஞ்சு வகுப்பில் போய்ச் சேருபவர்களும் உண்டு.

சென்னை நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலை அலியான்ஸில் படம் பார்த்துப் பழகியவராக இருந்தால், இலவசமாக உள்ளே போய் உட்கார்ந்தது உங்கள் நினைவில் இருக்கலாம். அது வேறு வகை. அன்ஸ்டிட்யூ பிரான்சே என்ற அரசு நிறுவனம் ஒரு பெரிய படத்தொகுப்புக்கு வணிகமல்லாத திரையிடல் உரிமையை வாங்கி வைத்திருக்கிறது. உலகம் முழுக்க உள்ள அலியான்ஸ்களும் தூதரகங்களும் அதிலிருந்து எடுத்துக் கட்டணமில்லாமல் காட்டலாம். அங்கே நீங்கள் சொன்னதுபோல் அரசு செலவு செய்கிறது என்று சொல்வது சரி. ஆனால் அவை பெரும்பாலும் வெளியாகி நாளான படங்கள். இங்கே மெல்பர்னில் நீங்கள் பார்ப்பது, பல சமயம் பாரிஸில் சில மாதங்களுக்கு முன்புதான் வெளியான புதுப்படம்.

இவ்வளவு புதுப்படம் எங்கிருந்து வருகிறது? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் ஒரு தனி வரியாகப் பிடிக்கப்படுகிறது. 1948இல் வந்த ஏற்பாடு. பத்து யூரோ டிக்கெட் என்றால் ஒரு யூரோ ஏழு சென்ட். ஹாலிவுட் படத்துக்குப் போனாலும் அதே வரிதான். அந்தப் பணம் அரசின் பொதுக் கஜானாவில் கரைந்துவிடாது. 1946இல் உருவான தேசிய திரைப்பட மையத்துக்குப் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கமாக சிஎன்சி என்பார்கள். தொலைக்காட்சி நிறுவனங்களும் வீடியோ, இணையத் தளங்களும் கட்டும் வரிகளும் அங்கேதான் சேர்கின்றன. ஆண்டுக்கு 70 கோடி யூரோ அளவில் அங்கே புழங்குகிறது. அதிலிருந்து தயாரிப்பாளருக்கு, விநியோகஸ்தருக்கு, சிற்றூர்த் திரையரங்குக்கு என்று பிரித்துத் தருகிறார்கள். போன படம் ஓடியிருந்தால் அடுத்த படத்துக்கென்று தானாக ஒரு தொகை தயாரிப்பாளரின் கணக்கில் சேரும். ஆனால் அதை எடுத்து இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும், வீடு வாங்க முடியாது. இது தவிர, 1959இல் ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது வந்த இன்னொரு திட்டம் உண்டு: திரைக்கதையைப் படித்து, வசூல் வருவதற்கு முன்பே கொடுக்கும் முன்பணம். முதல் படம் எடுப்பவர்களுக்கு அதில் தனிக் குழுவே இருக்கிறது. எனவேதான் பிரான்சில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் படங்களில் கால் பங்குக்கு மேல் அறிமுக இயக்குநர்களுடையவையாக இருக்கின்றன.

1984இல் தொடங்கிய கனால் பிளஸ் என்ற கட்டணச் சேனலுக்கு, தன் வருமானத்தில் ஒரு பகுதியை பிரெஞ்சுப் படங்களை முன்கூட்டி வாங்குவதற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. 2021இல் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையும் இதே வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்: பிரான்சில் சம்பாதிப்பதில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஐரோப்பிய, பிரெஞ்சுத் தயாரிப்புகளில் போட வேண்டும். அதோடு, திரையரங்கில் வெளியான படத்தை உடனே தளத்தில் போடவும் முடியாது. 2022 முதல் நெட்ஃபிளிக்ஸுக்கு அங்கே 15 மாதக் காத்திருப்பு. இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் பலன் இருக்கிறது. ஆண்டுக்கு 300 படங்களை ஒட்டித் தயாராகின்றன, உள்நாட்டுத் திரையரங்கு டிக்கெட்டுகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் சொந்தப் படங்களுக்கே போகிறது. ஐரோப்பாவில் வேறெந்தப் பெரிய நாட்டிலும் இது வழக்கமில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு இன்னும் துல்லியமான பதில் இதுதான்: விழாவுக்கு அரசு செலவழிப்பது குறைவு. ஆனால் விழாவில் காட்ட நாற்பது படம் இருக்கிறதே, அதற்கான பணத்தை பிரான்சில் டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவரும், ஹாலிவுட் படத்துக்குப் போகிறவர் உட்பட, பல பத்தாண்டுகளாகக் கட்டிவருகிறார்கள். கொள்கை என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். 1993இல் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் சினிமாவையும் மற்ற சரக்குபோலத் திறந்துவிட வேண்டும் என்று அமெரிக்கா அழுத்தியபோது, பண்பாட்டுக்கு விலக்கு வேண்டும் என்று பிரான்ஸ் பிடிவாதமாக நின்றது. அன்று விட்டுக்கொடுத்திருந்தால் இன்று இந்த விழாவில் பாதி நிகழ்ச்சி நிரல் இருந்திருக்காது என்பதே என் எண்ணம்.

சரி, தயாரான படம் மெல்பர்னுக்கு எப்படி வருகிறது?

ஒவ்வொரு படத்துக்கும் பாரிஸில் ஒரு வெளிநாட்டு விற்பனை நிறுவனம் இருக்கும். கோமோன், பாத்தே, ஸ்டுடியோகனால், எம்கே2, ஷராட் என்று பல. இவர்களுக்கு மேலே யூனிஃபிரான்ஸ் என்ற அமைப்பு, 1949 முதல் பிரெஞ்சு சினிமாவின் ஏற்றுமதியைக் கவனிக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் பாரிஸில் வெளிநாட்டு விநியோகஸ்தர்களைக் கூட்டி, இன்னும் வெளியாகாத படங்களைக் காட்டுவார்கள். விழாவின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர்களுக்கு இந்தச் சந்தையும், மே மாதம் பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவும், செப்டம்பரில் கனடாவில் நடக்கும் டொராண்டோ விழாவும்தான் முக்கியமான இடங்கள். பிப்ரவரி கடைசியை ஒட்டி பிரான்சின் தேசிய விருதான செசார் அறிவிக்கப்படும். மார்ச்சில் விழா. செசார் வாங்கிய படம் சூடு ஆறுவதற்குள் இங்கே திரைக்கு வந்துவிடுகிறது.

படத்தை ஆஸ்திரேலிய விநியோகஸ்தர் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், விழா அவரோடு பேசும். அவருக்கு விழா ஒரு முன்னோட்டம்: எப்படிப் போகிறது என்று பார்த்து, பிறகு பொது வெளியீடு எத்தனை திரையில் என்று முடிவெடுப்பார். யாரும் வாங்காத படம் என்றால் விழாவே பாரிஸ் நிறுவனத்துக்குத் திரையிடல் கட்டணம் கொடுத்துக் கொண்டுவரும். படத்துக்குத் தணிக்கை வகைப்பாடும் இருக்காது. இங்கே விழாக்களுக்கு அதில் விலக்கு உண்டு, பதிலுக்கு வயது வரம்பு விதிப்பார்கள். சாதாரணக் குடும்ப நகைச்சுவைப் படத்துக்குக்கூட நிகழ்ச்சிக் கையேட்டில் 18 வயது என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், காரணம் பெரும்பாலும் இதுதான்.

படச்சுருள் காலத்தில் இந்த வேலை மிகக் கடினம். நூறு நிமிடப் படம் என்றால் ஒன்பதாயிரம் அடி ஃபிலிம், ஐந்தாறு சுருள், தூக்கினால் கை வலிக்கும் பெட்டி. பாரிஸிலிருந்து ஒரே ஒரு பிரதிதான் கிடைக்கும். சிட்னியில் ஓடி முடிந்ததும் அது பிரிஸ்பேனுக்கோ மெல்பர்னுக்கோ போக வேண்டும், அங்கிருந்து பெர்த்துக்கு. சிட்னிக்கும் பெர்த்துக்கும் நடுவில் வானவழித் தூரம் மட்டும் 3,300 கிலோமீட்டர். ஒரு விமானம் தாமதமானால் ஓர் ஊரின் காட்சி ரத்து. ஊர் ஊராகப் போவது என்பது அப்போது உண்மையிலேயே ஒரு பெட்டியின் பயணம். இப்போது படம் டிசிபி என்ற டிஜிட்டல் தொகுப்பாக, நூறு இருநூறு கிகாபைட்டில், வட்டிலோ இணையம் வழியாகவோ வருகிறது. கூடவே கேடிஎம் என்ற பூட்டுச்சாவி. இந்தத் திரையரங்கின் இந்தச் சாதனத்தில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை மட்டும் ஓடும் என்று அதில் எழுதியிருக்கும். நேரத்தைத் தவறாகப் போட்டு அனுப்பிவிட்டால், கூட்டம் உட்கார்ந்திருக்கப் படம் திறக்காது; காலைக் காட்சி என்றால் பாரிஸில் அப்போது நள்ளிரவாக இருக்கும். திரையிடும் ஆட்கள் காட்சிக்கு முந்தைய நாளே ஒவ்வொரு சாவியையும் சோதித்துப் பார்ப்பது இதனால்தான். ஆனால் இந்த மாற்றம் கொடுத்த லாபம் மிகப் பெரியது. ஒரே படத்தை ஆறேழு நகரங்களில் ஒரே வாரத்தில் காட்டலாம், கூட்டம் வந்தால் மறுநாளே காட்சியைக் கூட்டலாம். விழா லட்சக்கணக்கில் டிக்கெட் விற்கும் அளவுக்கு வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு பங்கு பேலஸ் சினிமாஸுக்கு. இத்தாலியிலிருந்து குடியேறிய அந்தோனியோ செக்கோலா மெல்பர்னில் கட்டியெழுப்பிய திரையரங்கு நிறுவனம். கோமோ, பால்வின், வெஸ்ட்கார்த் என்று நீங்கள் இருக்கும் ஊரிலேயே பல இடங்களில் இருக்கிறது. சிட்னி, பிரிஸ்பேன், கான்பெரா, அடிலெய்டு, பைரன் பே என்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. இதே நிறுவனம் இத்தாலிய, ஸ்பானிய, ஜெர்மன் விழாக்களையும் வருடத்தில் ஆளுக்கொரு பருவமாக நடத்துகிறது, சொந்தமாக விநியோகமும் செய்கிறது. அலியான்ஸ் ஒரு அரங்கத்தை வாடகைக்கு எடுத்து வார இறுதியில் நடத்தியிருந்தால் சில ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். காலை பத்து மணியிலிருந்து இரவு வரை, நல்ல திரை, நல்ல ஒலி, வழக்கமாகப் படம் பார்க்கும் மக்கள் வந்துபோகும் இடம் என்று ஒரு வணிகச் சங்கிலியோடு கைகோத்ததால்தான் விழா இவ்வளவு வளர முடிந்தது.

இந்தப் பின்னலில் ஒரு கண்ணி அறுந்தாலும் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. விழா தொடங்கிச் சில நாட்களிலேயே கொரோனாவால் நிறுத்த வேண்டியிருந்தது. மார்ச் 23இல் நாட்டின் எல்லாத் திரையரங்குகளும் மூடப்பட்டன. ஜூலையில் மற்ற நகரங்களில் மறுபடி தொடங்கியபோது, மெல்பர்ன் அதன் இரண்டாவது ஊரடங்குக்குள் போய்விட்டிருந்தது.

வேறு நாடுகளில் உண்டா என்றால், உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டனில் 1992 முதல் நடக்கும் பிரெஞ்சுத் திரைப்பட விழாவின் வேர் எடின்பரோவில். நவம்பரை ஒட்டி நடக்கும். லண்டனுக்குப் போகும், ஆனால் என்னை ஈர்ப்பது அது ஸ்காட்லாந்தின் அபர்டீன், டண்டீ, இன்வர்னஸ் போன்ற ஊர்களுக்கும் போவதுதான். அங்கே விழாவுக்குத் துணை சங்கிலித் திரையரங்கு இல்லை, நகராட்சி உதவியிலும் அறக்கட்டளையிலும் நடக்கும் கலை அரங்குகளை நம்பியிருக்கிறார்கள். அதன் ஆபத்தும் தெரிந்தது: எடின்பரோவின் ஃபில்ம்ஹவுஸ் அரங்கை நடத்திய அறக்கட்டளை 2022 அக்டோபரில் நொடிந்து, அரங்கம் மூடப்பட்டது. உள்ளூர் மக்கள் போராடிப் பணம் திரட்டி 2025 ஜூனில்தான் மறுபடி திறக்க முடிந்தது.

பிரேசிலில் 2010இல் தொடங்கியது வரிலக்ஸ் விழா. பெயரைப் பார்த்து ஏதோ இயக்குநர் பெயர் என்று நினைக்க வேண்டாம். மூக்குக்கண்ணாடி லென்ஸின் பெயர். எசிலோர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்பு, பல்லாண்டுகள் விழாவின் பெரிய விளம்பரதாரராக இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடக்கிறது, பள்ளி மாணவர்களுக்குத் தனிக் காட்சிகள் உண்டு. ரியோ, சாவ் பாவ்லோ தவிர்த்த நகரங்களில் பிரெஞ்சுப் படம் திரையில் வருவதே இந்த விழாவால்தான் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 1996 முதல் யூனிஃபிரான்ஸோடு சேர்ந்து நடப்பது ஒரே ஊர் விழா. ஆனால் கல்லூரிகளுக்கென்று துர்னே என்ற பெயரில் பல்லாண்டுகள் நடந்த திட்டம் வேறு வகை: பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுத்து, ஒரு பட்டியலிலிருந்து சில புதுப்படங்களையும் ஒரு பழைய படத்தையும் அவர்களே தேர்ந்தெடுத்துக் காட்டச் செய்வார்கள். பக்கத்தில் கலைப்பட அரங்கமே இல்லாத சிறு கல்லூரி ஊர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலிய விழாவின் பிரமாண்டத்தைவிட எனக்கு மனதுக்கு நெருக்கமானது இந்த மாதிரித் திட்டம்தான். பார்வையாளர் எண்ணிக்கை குறைவு, ஆனால் பத்தொன்பது வயதில் பார்க்கிற படம் வாழ்நாள் ரசனையை மாற்றும்.

இப்போது ஒரு சிக்கலான விஷயம். எது பிரெஞ்சுப் படம்? பிரெஞ்சு பேசினால் பிரெஞ்சுப் படம் என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். சிஎன்சியும் யூனிஃபிரான்ஸும் பார்ப்பது தயாரிப்பு யாருடையது என்பதை. 2012இல் பிரெஞ்சுப் படங்களுக்கு வெளிநாடுகளில் 14 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றன என்று யூனிஃபிரான்ஸ் கொண்டாடியது. அதில் ஒரு பெரிய பங்கு லியாம் நீசன் நடித்த 'டேக்கன் 2'வுக்கு. முழுக்க ஆங்கிலம் பேசும் அடிதடிப் படம், ஆனால் லுக் பெஸ்ஸோனின் பாரிஸ் நிறுவனத் தயாரிப்பு. பிரெஞ்சு மொழியிலேயே உலகைச் சுற்றியது அதே சமயத்தில் ஓடிய 'இன்டச்சபிள்ஸ்'. பிரான்சில் மட்டும் 1.9 கோடிக்கு மேல் டிக்கெட் விற்ற நகைச்சுவைப் படம் அது. பின்னர் தமிழில் 'தோழா'வாக வந்தது அதன் மறு ஆக்கம்தான்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தில்தான் 'தீபன்' இருக்கிறது. ஜாக் ஓடியார் இயக்கி, 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது வாங்கிய பிரெஞ்சுப் படம். அதில் பெரும்பாலும் பேசப்படுவது ஈழத்தமிழ். நாயகன் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி, நாயகி சென்னை நாடகக் கலைஞர் காளீஸ்வரி சீனிவாசன். அதே ஆண்டு ஆஸ்கருக்கு பிரான்ஸ் அனுப்பிய 'முஸ்டாங்' துருக்கி மொழிப் படம். 2024இல் அனுப்பிய 'எமிலியா பெரெஸ்' ஸ்பானிய மொழியில். அந்தத் தேர்வின் இறுதிச் சுற்றில் பாயல் கபாடியாவின் மலையாள, இந்திப் படமும் இருந்தது, அதில் பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களின் முதலீடு உண்டு. பிரான்சின் பணம் உலகெங்கும் இயக்குநர்களுக்குத் துணை நிற்கிறது. இதை நான் அந்த நாட்டின் பெரிய நல்ல குணமாகவே பார்க்கிறேன்.

ஆனால் ஊர் சுற்றும் விழாக்களின் நிகழ்ச்சி நிரலில் இந்த அகலம் முழுசாகத் தெரிவதில்லை. எனக்கு இருக்கும் மனக்குறை இது. பாரிஸ் அடுக்குமாடி வீடு, இரவு உணவு மேசை, விவாகரத்து ஆன இருவர், தெற்கே ஒரு கோடை வீடு: இந்த வகைப் படத்துக்கு டிக்கெட் நிச்சயம் விற்கும். பகல் காட்சிக்கு வரும் மூத்த பார்வையாளர்கள்தான் விழாவின் முதுகெலும்பு, அவர்களுக்கு இதமான படம் பிடிக்கும். அவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்கள் வராவிட்டால் விழாவே இல்லை. ஆனால் டிக்கெட் வருமானத்தை நம்பி நிற்கும் விழா துணிச்சலான படத்துக்கு மூன்று காட்சியும், இதமான படத்துக்கு முப்பது காட்சியும் கொடுப்பது தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. கானில் பரிசு வாங்கிய பெரிய இயக்குநர்களின் படங்களை ஜூன் மாதச் சிட்னி விழாவும் ஆகஸ்ட் மாத மெல்பர்ன் விழாவும் முன்பே எடுத்துக்கொண்டுவிடும். இந்த இரண்டும் 1950களிலிருந்து நடக்கும் சர்வதேச விழாக்கள். மார்ச் விழாவுக்கு வருவது மீதமும் புதிய வெகுஜனப் படங்களும்.

அப்புறம் இன்னொன்று. விழா வளர வளர, மற்ற பதினொரு மாதங்கள் காலியாகின்றன. முன்பெல்லாம் ஒரு பிரெஞ்சுப் படம் தனியாக வெளியாகி, வாய்வழிப் பேச்சில் மெல்லக் கூட்டம் சேர்ந்து பல வாரம் ஓடும். இப்போது பார்வையாளர் எல்லாரும் மார்ச்சிலேயே ஐந்து படச் சீட்டு, பத்துப் படச் சீட்டு வாங்கிப் பார்த்துவிடுவதால், ஏப்ரலில் தனியாக வெளியிட விநியோகஸ்தருக்குத் தைரியம் வருவதில்லை. இது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. ஆனால் சின்னப் படங்களுக்கு விழாவே தொடக்கமும் முடிவுமாக ஆகிவிடுகிறது.

சரி, நீங்கள் எதைப் பார்க்கலாம்? மொழி பற்றிக் கவலையே வேண்டாம். எல்லாப் படத்துக்கும் ஆங்கில சப்டைட்டில் உண்டு, அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கும் பிரெஞ்சு தெரியாது. தொடக்க விழா இரவை விட்டுவிடுங்கள். ஒயினும் தின்பண்டமும் சேர்த்து டிக்கெட் விலை கூடுதல், படமும் எல்லாருக்கும் பொதுவாகப் பிடிக்கும் வகையில் தேர்ந்தெடுத்ததாக இருக்கும். பெரும்பாலும் பிறகு வெளியீட்டுக்கும் வந்துவிடும். உங்கள் பணத்தை, வேறெங்கும் கிடைக்காத படத்தில் போடுங்கள். கையேட்டில் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று காட்சி மட்டும் இருந்தால், விநியோகஸ்தர் பெயரும் இல்லாவிட்டால், அதை முதலில் கவனியுங்கள்.

இயக்குநர் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதென்றால் ஃபிரான்சுவா ஓசோன் நல்ல ஆரம்பம். 1998இல் முதல் முழுநீளப் படம் எடுத்தவர், ஏறக்குறைய ஆண்டுக்கொன்று எடுக்கிறார், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, சலிப்பும் தட்டாது. காதலையும் தயக்கத்தையும் பேச்சாலேயே கட்டுவதில் எம்மானுவேல் மூரேவுக்கு நிகரானவர் இப்போது அங்கே குறைவு. கேந்தான் துப்பியோவின் படங்கள் விசித்திரமானவை, பல 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேலை முடிந்து களைப்பாகப் போகும் நாளுக்கு ஏற்றவை. குற்றப் புலனாய்வு பிடிக்கும் என்றால் தொமினிக் மோல். ஆவணப்படம் பட்டியலில் நிக்கோலா ஃபிலிபேர் பெயர் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பாரிஸில் சேன் நதியில் மிதக்கும் மனநலப் பகல் மையம் ஒன்றைப் பற்றிய அவரது படம் 2023இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியை வென்றது. பெண் இயக்குநர்களின் படங்களையும் தேடிப் பாருங்கள். செலின் சியாம்மா, மியா ஹான்சன்-லவ், அலிஸ் தியோப் மூவரும் மூன்று வேறு உலகங்கள். படப்பிடிப்புக் குழுவின் முக்கியப் பொறுப்புகளில் ஆண், பெண் சமநிலை இருந்தால் 2019 முதல் சிஎன்சி உதவித்தொகையில் 15 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. அதனால் திரைக்குப் பின்னாலும் பெண்கள் கூடிவருகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விட என் முதல் சிபாரிசு, அறிமுக இயக்குநர் படம் ஒன்று. அந்த முன்பணத் திட்டத்தால் பிறக்கும் படங்களில்தான் பாரிஸின் புறநகரும், அல்ஜீரிய, மாலி, வியட்நாம் வழி வந்த குடும்பங்களும், விவசாயக் கிராமமும், தொழிற்சாலை மூடிப்போன வடக்கும் இருக்கின்றன. ஐந்து படச் சீட்டு வாங்கினால் தனித்தனி டிக்கெட்டைவிட மலிவு. அதில் இரண்டைக் கேள்விப்படாத பெயர்களுக்கு ஒதுக்குங்கள். வார நாள் மாலை ஆறு மணிக் காட்சி உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவரும், இடமும் சுலபமாகக் கிடைக்கும். வெஸ்ட்கார்த் அரங்கம் நூறாண்டு பழமையான கட்டடம், ஒரு படமாவது அங்கே பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் தொடர விரும்பினால், யூனிஃபிரான்ஸ் 2011 முதல் ஜனவரி, பிப்ரவரியில் இணையத்திலேயே ஒரு விழா நடத்துகிறது. மைஃபிரெஞ்ச்ஃபில்ம்ஃபெஸ்டிவல் என்று பெயர். பல மொழிகளில் சப்டைட்டில் உண்டு, அறிமுக இயக்குநர்களுக்கும் குறும்படங்களுக்கும் அதில் முக்கிய இடம். உங்கள் ஊரில் அந்த ஆண்டு எந்தப் படங்கள் திறந்திருக்கின்றன என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், உரிமை நாட்டுக்கு நாடு மாறும்.